மாமியார் நம்பர்

எனக்கு என் வீட்டுக்காரர் மேல் பொறாமை. இதை எழுதவே கை கூசுகிறது. மற்றப் பெண்கள், அவர் வேறொருத்தியைத் திரும்பிப் பார்த்துவிட்டாரோ என்று வயிறெரிவார்கள். அதிலாவது ஒரு மரியாதை இருக்கிறது, கேட்கிறவர்கள் நம் பக்கம் நின்று பேசுவார்கள். நான் வயிறெரிந்தது ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்காக. அதுவும் நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் போய் ஊருக்குச் சொல்லிக்கொடுத்த வகுப்புக்காக.

தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் நான் செக்ரோல் கிளார்க். யார் பேர் பதிந்த ஆள், யார் பேர் வெட்டப்பட்ட ஆள், இன்றைக்கு யார் எந்த மலைக்குப் போனார்கள், யார் லீவு, யாருக்குச் சுகமில்லை என்று தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருடைய கதையும் என் மேசைக்குத்தான் வரும். இது நடந்தபோது பதினாறு வருஷமாக அந்த மேசைதான். அவர் அதே தோட்டத்து பெக்டரியில் டீமேக்கருக்கு அடுத்த ஆள். கொஸ்லந்தப் பக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் ஆள் மன்னன். செத்த வீட்டுக்குப் போனால்கூட நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் திரும்புவார். நான் அப்படியில்லை. நான் பேசினால் எதிரில் இருப்பவர்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டவர்கள்போல் நிமிர்ந்து உட்காருவார்கள். என் முகவாகு அப்படி, நான் என்ன செய்ய.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி தன் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர் முறையைக் கொண்டுவந்தது. ஈ.ஆர்.பி. என்று அதற்குப் பேர். மலையில் பறிக்கிற கொழுந்து, பெக்டரியில் வருகிற தூள், ஸ்டோரில் கிடக்கிற உரமூட்டை, ஆட்களின் வேலை, லீவு எல்லாம் ஒரே இடத்தில் ஏறிவிடும். கொழும்பில் இருப்பவர் தன் கதிரையை விட்டு எழும்பாமலே எங்கள் தோட்டத்தைப் பார்க்கலாம். நாங்கள் அதைச் சிஸ்டம் என்றோம், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் மிசின் என்றார்கள். தோட்டத்துக்கு ஓராள் அப்புத்தளைக்குப் போய் ஒரு வாரம் படித்துவிட்டு வந்து, தன் தோட்டத்து உத்தியோகத்தர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். எந்தத் தோட்டம் தப்பில்லாமல் ஏறியிருக்கிறதோ, அதற்குக் காரணமான ஆளை ஆறு தோட்டங்களுக்கும் நிரந்தரப் பயிற்சியாளராகப் போடுவார்கள். அந்தச் சுற்றறிக்கை முதலில் என் மேசைக்குத்தான் வந்தது. மூன்று தரம் வாசித்தேன். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சும்மா ஆசை இல்லை. கல்யாணமான புதிதில் சனிக்கிழமை தவறாமல் பதுளைக்கு பஸ் ஏறி, இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்தவள் நான். மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டு பஸ்ஸில் நின்றபடியே போய் வந்திருக்கிறேன். ஆபீஸில் பிரிண்டர் சண்டித்தனம் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தோட்டத்தில் இதற்கு வேறு ஆள் யார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய துரை என் வீட்டுக்காரரைத் தெரிவுசெய்தார். பெரிய துரை என்றால் தோட்டத்து மனேஜர்தான், வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் அந்தப் பேர் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு அவரே காரணமும் சொன்னார். பாடம் கேட்கப்போகிறவர்கள் மலையில் ஆட்களை வேலைவாங்குகிற கணக்கப்பிள்ளைமாரும் பெக்டரிக்காரருமாகப் பெரும்பாலும் ஆண்கள், ஒரு பெண் நின்று சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்கு மனம் ஒப்பாது. உங்கள் வீட்டுக்காரருக்கு நல்ல பேச்சு வரும். உங்களுக்கோ வீடு, பிள்ளைகள் என்று எவ்வளவு வேலை. வீட்டில் இருந்தபடி அவருக்குக் கொஞ்சம் உதவி செய்யுங்கள் என்று சிரித்தார். நான் சரி சேர் என்றேன். ஆபீஸ் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அன்றைய கொழுந்து ரிப்போர்ட்டை முடித்தேன்.

ஒரு வாரம் கழித்து அவர் அப்புத்தளையிலிருந்து தடிமனும் இருமலுமாக, செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தோடு வந்து சேர்ந்தார். என்ன படித்தீர்கள் என்று கேட்டேன்.

"வெளிய பாத்தா பனி, ஒண்ணும் தெரியல. உள்ள பாத்தா கிளாஸ், அதுலயும் ஒண்ணும் தெரியல," என்றார். "நீதான் காப்பாத்தணும்."

மூன்றே நாளில் அந்தப் புத்தகத்தை வாசித்து முடித்தேன். மாலையில் அவர் பெக்டரியிலிருந்து வந்து முகம் கழுவியதும் குசினி மேசையில் லெப்டொப்பைத் திறப்போம். அடுப்பில் பருப்பு வேகும். அவர் இரண்டு விரலால் தட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு அடங்காது. இது எதற்கு, இதை அமுக்கினால் என்னாகும், அமுக்காவிட்டால் என்னாகும் என்று ஓயாமல் கேட்பார். நான் சொன்னதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். பொய் சொல்லக் கூடாது, அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் பேச அவர் வாய் மூடிக் கேட்டது அப்போதுதான்.

வகுப்பு பழைய பிள்ளை மடுவத்தில் நடந்தது. மலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. புதுக் கட்டடம் வந்ததில் காலியாகக் கிடந்தது. கதிரை போதாமல் சிலர் பிள்ளைகளுடைய குட்டி பெஞ்சுகளில், முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி வரிசை. நானும் பாடம் கேட்க வந்தவள்தானே!

லாகின் என்றால் என்ன என்று அவர் ஆரம்பித்தார். நான் குசினியில், உங்கள் பேரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால்தான் உள்ளே விடும் என்று ஒரு வரியில் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு காலைப் பெரட்டுக்குப் போய்விட்டார். விடிந்ததும் ஆட்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டு.

"பெரட்டுல பேர் குடுக்காம யாராச்சும் மலைக்குப் போக முடியுமா? இதுவும் அதேதான். பாஸ்வேர்ட மறந்துட்டு வந்தவனை மிசின் அப்படியே திருப்பி லயத்துக்கு அனுப்பிரும்."

மடுவம் குலுங்கச் சிரித்தது. சேவ் பண்ணாமல் மூடுவது, பறித்த கொழுந்தை நிறுக்காமல் ஆற்றில் கொட்டிவிட்டு வருவது என்றார். அதற்கும் சிரிப்பு. ஐம்பது தாண்டிய கணக்கப்பிள்ளை ஒருவர், மவுஸைத் தொடவே பயந்தவர், அன்று மத்தியானத்துக்குள் தன் டிவிசன் ஆட்களைத் திரையில் வரவழைத்துவிட்டார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு வரி கூட, ஒரு வரி குறைய, என் பாடம். என் வாயில் அது புத்தகமாக இருந்தது, அவர் வாயில் அது ஜனங்களுடைய சொந்தக் கதை ஆகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் அவர் ஒரு தடவை, இதெல்லாம் எங்கள் வீட்டு மிஸ் சொல்லிக்கொடுத்தது என்று என்னைக் காட்டிச் சொன்னார். அதை ஒரு பகிடி என்று நினைத்து எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர் மெய்யாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது.

இரண்டே வாரத்தில் அவருக்குச் சிஸ்டம் ஐயா என்று பேர் வந்துவிட்டது. பெக்டரி வாசலில் பிடிப்பார்கள், கோயிலில் பிடிப்பார்கள், குவார்ட்டர்ஸுக்கு வருவார்கள். ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கீழ் டிவிசன் கணக்கப்பிள்ளை கதவைத் தட்டினார். ஐயா இல்லையா என்றார். பெக்டரிக்குப் போய்விட்டார், என்ன விஷயம் என்றேன். செக்ரோலில் ஒரு சந்தேகம் என்றார். செக்ரோல்! பதினாறு வருஷமாக நான் எழுதுகிற செக்ரோல். சொல்லுங்கள் என்றேன். "பரவால்லீங்கம்மா, ஐயா வரட்டும், பொறகு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். நான் கையில் கரண்டியோடு நின்றேன். அந்தக் கரண்டியால் அவர் முதுகில் ஒன்று வைத்திருந்தால் இந்தக் கதை இப்படிப் போயிருக்காதோ என்னவோ.

ஏனென்றால் அன்றைய வகுப்பில்தான் அது நடந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேர் பதிந்த ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு செக்ரோல் நம்பர். ஒரு பெண் வயதாகிப் பேர் வெட்டிக்கொண்டு போனால் அந்த நம்பர் சும்மா போகாது. மகளோ மருமகளோ பேர் பதியும்போது அதே நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். மருமகளுக்குக் குண்டுமணித் தங்கம் போடாத மாமியாரும் நம்பரைக் கொடுத்துவிடுவாள். எழுத்து வாசனை இல்லாத கிழவிகூட எங்கள் நம்பர் என்று அதை மட்டும் பிசகாமல் சொல்வாள். பழைய பதிவேட்டில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. மாமியார் பேரின் மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் மருமகள் பேர். எத்தனையோ கோடு நானே போட்டிருக்கிறேன்.

சிஸ்டத்தில் அது செல்லாது. அதில் ஒரு நம்பர் என்றால் ஓராள்தான், அந்த ஆளுடைய பிறந்த தேதி, பிள்ளைகள், லீவு எல்லாம் நம்பரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கொழும்பில் எங்கள் பழைய பெயர்ப் பட்டியல் ஒன்றை ஏற்றிவைத்திருந்தார்கள். அதைத் திருத்துவதுதான் எங்கள் வேலை. மாமியாருடைய பக்கத்தைத் திறந்து பேரை மட்டும் மாற்றினால், அடுத்த பக்கத்தில் பிறந்த தேதி மாமியாருடையதாகவே கிடக்கும். மாமியாருடையதை மூடிவிட்டு, மருமகளுக்குப் புது நம்பர் எடுக்க வேண்டும். புத்தகத்தில் இது ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. அவர் பெக்டரிக்காரர், அங்கே இந்த வழக்கம் கிடையாது, அதனால் அவர் கண்ணில் படவில்லை. என் கண்ணில் பட்டிருந்தது. வகுப்பு தொடங்கிய பிறகும் குசினிப் பாடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்த இடத்துக்கு நாங்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

காலையில் என் கதவைத் தட்டிவிட்டுப் போன அதே கணக்கப்பிள்ளைதான் எழுந்து கேட்டார். மாமியார் நம்பரில் மருமகள் இருந்தால் பேரை மட்டும் மாற்றினால் போதுமா என்றார். அவருடைய சந்தேகம் அதுதானாம். என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். போதும் என்றுதான் நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, எல்லோருடைய தலைக்கும் மேலாகக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"என்னம்மா, சரிதானே?"

எல்லோரும் திரும்பினார்கள். எழுந்து நின்று, இல்லை, அது தப்பு என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷத்தில் விளக்கியிருக்கலாம். கேட்டுவிட்டு, ஐயா வீட்டம்மாவும் கெட்டிக்காரிதான் என்று ஒருவர் சொல்லியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். பாராட்டு ஐயாவுக்கு, பயிற்சியாளர் வேலையும் ஐயாவுக்கு. நான் தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டினேன்.

அவர் அதை அப்படியே பலகையில் எழுதிப்போட்டார்.

அடுத்த வாரம் முழுக்க எல்லோரும் ஆட்களை ஏற்றினார்கள். மேல் டிவிசன் என் பங்குக்கு வந்தது. அதில் மாமியார் நம்பர்க்காரிகள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேருக்கும் பழையதை மூடி, புது நம்பர் எடுத்து, பிறந்த தேதியை அடையாள அட்டை பார்த்துப் போட்டேன். அவர் விழ வேண்டும் என்று நினைத்தவளுக்கு, தன் கையால் ஒரு பதிவைத் தப்பாக ஏற்ற மனம் வரவில்லை. அதை அப்போது என் நேர்மை என்று நினைத்துக்கொண்டேன், கேளுங்கள் கதையை.

சிஸ்டம் ஓடத் தொடங்கியது. கொழும்பு அதிகாரி இன்ன வியாழக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது. பயிற்சியாளர் வேலை சிஸ்டம் ஐயாவுக்குத்தான் என்று பேச்சும் அடிபட்டது. அவர் வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் புதுச் சப்பாத்து ஒன்று வாங்கி வந்தார்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கீழ் டிவிசனில் கொழுந்தெடுக்கிறவள். இருபத்துமூன்று வயது. ஒன்பதாம் மாதம். தோட்டத்து ஆட்கள் ஆபீஸுக்கு உள்ளே வருவதில்லை, ஜன்னலடியில் நின்றுதான் பேசுவார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிஸ்பென்சரியில் பிரசவ லீவு போட்டுவிட்டார்களாம், மிசின் ஏற்கமாட்டேன் என்கிறதாம் என்றாள். திறந்து பார்த்தேன். அவள் பேருக்கு நேரே வயது அறுபத்துமூன்று என்று இருந்தது. வேலை செய்கிற வயது தாண்டிவிட்டது என்று சிவப்புக் கட்டம். பக்கத்து மேசைக்காரர், கிழவிக்கு என்ன பிரசவ லீவு என்று சிரித்தார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்க மாமியார் நம்பருங்க. ராசியான நம்பரு. ஒருநா படுத்தது இல்லீங்க அவங்க."

கடுதாசியில் லீவு எழுதக் கூடாது, சிஸ்டத்தில் இல்லாதது எதுவும் செல்லாது என்பது கம்பெனி உத்தரவு. லீவு ஏறாமல் அவள் வீட்டில் இருந்தால் வேலைக்கு வரவில்லை என்று விழும், அப்புறம் அந்த லீவே கிடைக்காது. ஏறும்வரைக்கும் மலைக்கு வா, பக்கத்து மலையாகப் பார்த்துத் தருகிறேன் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே விஷயம் போய்விட்டது. வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"உன்னால அதைத் திருத்த முடியாதா?"

"முடியாதுங்க. கொழும்புல இருந்து வந்துதான் தொறக்கணும்."

ஐந்து நிமிஷ வேலை. செய்தால் அந்த ஒருத்தியோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். மற்றதையும் தேடுவார்கள், நான் மூலையில் இருந்து எல்லாவற்றையும் திருத்திக் கொடுப்பேன், வியாழக்கிழமை வருகிறவர் எங்கள் தோட்டம் சுத்தம் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் கையைக் குலுக்குவார். அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு காந்தியது. அதனால் பொறுத்திருந்தேன். அவர் கொழும்புக்கு போன் மேல் போன் போட்டார். அதிகாரிதான் வருகிறாரே, வந்து பார்ப்பார் என்றார்கள். அவள் தினமும் பகல் கொழுந்து நிறுத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். இன்னும் வரலீங்களா அம்மா என்பாள். இன்னும் இல்லை என்பேன். ஒருநாள் அவள் கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்கிரீனுக்குத் திரும்பிக்கொண்டேன். நானும் நாள் எண்ணினேன், அவளுடைய பிரசவத்துக்காக அல்ல, வியாழக்கிழமைக்காக.

அவள் ஜன்னலுக்கு வந்தது எட்டு நாள். ஒன்பதாம் நாள், புதன்கிழமை, வரவில்லை. மலையிலேயே வலி எடுத்துவிட்டது. பெண்கள் கம்பளியில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்து, கொழுந்து லொறியை மறித்து, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறி ஆபீஸைத் தாண்டிப் போகும்போது நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். யாருடைய கையோ ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். பின்னேரம், பெண் பிள்ளை, நிறை போதாது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நான் தேத்தண்ணி போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன்.

வியாழக்கிழமை கொழும்பு அதிகாரி வந்தார். பெரிய துரை, டிஸ்பென்சரிக்காரர், கணக்கப்பிள்ளைமார், நாங்கள் இருவர் எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்றோம். அதிகாரி அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கீழ் டிவிசனில் மட்டும் நாற்பதுக்கு மேல் கிழவிகள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறவளின் பக்கத்தைத் திறந்து, மூடி, புது நம்பர் எடுத்து, லீவை ஏற்றினார். எழுந்திருக்கக்கூட இல்லை. இதற்குக் கொழும்பைக் கூப்பிட்டிருக்கிறீர்களே, இந்த மேடத்துடைய லாகினிலேயே செய்யலாமே, நான் இப்போது அதில்தானே செய்தேன் என்றார். சிங்களத்தில் சொன்னார். எல்லோருக்கும் விளங்கியது. என் வீட்டுக்காரருக்கும் விளங்கியது.

அதோடு விட்டாரா? யார் யார் எதை எப்போது ஏற்றினார்கள் என்று சிஸ்டம் எழுதிவைத்திருக்கிறது என்று சொல்லி, அந்தப் பட்டியலை இறக்கினார். மேல் டிவிசன் பத்தொன்பதும் சரி. இந்தத் தோட்டத்திலே இந்த மேடம் ஒருவருக்குத்தான் விஷயம் தெரிந்திருக்கிறது என்றார். இத்தனை மாதமாக நான் ஏங்கிய வார்த்தை. அதைக் கேட்டபோது நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய துரை என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். உங்கள் வீட்டிலேயே இருக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையா என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் தலையாட்டியது, முடியாதுங்க என்றது, பத்தொன்பது பதிவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கப்பிள்ளைக்கும் என் தலையாட்டல் ஞாபகம் வந்திருக்க வேண்டும், வாயைத் திறக்கப் போனார். அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"சொன்னாங்க சேர். நான்தான் காதுல வாங்கல."

அன்று பின்னேரமே பயிற்சியாளர் வேலைக்கான கடிதம் என் கைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவர் முகம் கழுவினார். தேத்தண்ணியை வைத்தேன். அவர் கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கோப்பையை எடுத்துச் சுவரில் எறிந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பொம்பளை சொன்னால் கேட்கமாட்டார்களாமே, துரையிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசினீர்களா என்று என்னிடமும் சரக்கு இருந்தது. அவர் தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"என்னைய கவுக்கணும்னு நெனச்சா, என்னைய மட்டும் கவுத்திருக்கலாம். அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு உனக்கு?"

அவர் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

வேலை வேண்டாம் என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை தேறி, தாயும் பிள்ளையும் லயத்துக்கு வந்த பிறகு, ஒரு சட்டையும் பால்மாவும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் எழுந்து எனக்குக் கதிரை போட்டாள். நீங்கள்தான் வந்து சரிபண்ணிக் கொடுத்தீர்களாமே அம்மா, உங்கள் மிசினில்தான் லீவு ஏறியதாமே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரே ஒரு மனக்குறைதானாம், மாமியார் நம்பர் போய்விட்டதே என்று. திருப்பித் தர வழியுண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். அது மட்டும் உண்மை.

இப்போது ஆறு தோட்டங்களுக்கும் நான்தான் போகிறேன். கொழுந்து லொறியிலும் போகிறேன், கம்பெனி ஜீப்பிலும் போகிறேன். என் வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார்கள், தப்பில்லாமல் ஏற்றுகிறார்கள். எங்கள் தோட்டத்துப் பக்கம் வகுப்பு வைத்தால் மட்டும் யாராவது ஒருவர், ஐயா வரலீங்களா, அவர் சொன்னா நல்லா இருக்கும் என்கிறார். இத்தனைக்குப் பிறகும் அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் சுருக்கென்கிறது.

அவர் பெக்டரியோடு இருக்கிறார். என்னோடு சண்டை இல்லை, பேச்சு நிற்கவில்லை. பிள்ளைகளுடைய படிப்பு, கரண்ட் பில், கோயில் திருவிழா எல்லாம் பேசுவோம். போன ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் லெப்டொப்பை வைத்துக்கொண்டு தூள் ரிப்போர்ட் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏதோ ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார். நான் இரண்டு எட்டு தள்ளி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் போனை எடுத்து ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டு, இது ஏறமாட்டேன் என்கிறது, எங்கே அமுக்க வேண்டும் என்று கேட்டார். மறுமுனைப் பேச்சு எனக்கும் கேட்டது.

"என்னங்கய்யா, அம்மா வீட்டுல இல்லீங்களா?"

"இருக்காங்க. நீ சொல்லு."

ஸ்டோர் கீப்பர் சொன்னார். சொன்னது தப்பு. அப்படி அமுக்கினால் அன்றைய ரிப்போர்ட் முழுக்க இரண்டு தடவை ஏறிவிடும். நான் கத்தியை வைத்துவிட்டு, அது தப்புங்க என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சொன்னால் அவர் அதை நம்பமாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.